உட்கார வைக்கக் கூடாத நோயாளி

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில், இருதயத்தைப் படமாகக் காட்டும் புது மெஷின் வந்திருக்கிறது என்று நர்சுப் பிள்ளைகள் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு அம்மாள் படுத்திருந்தார். நெஞ்சில் பசையைத் தடவி ஒரு குமிழை வைத்து நகர்த்தினார்கள். கறுப்புத் திரையில் இருதயம் மூடி மூடித் திறந்தது. அதற்குள் வெள்ளையாக ஓர் உருண்டை, கதவுப் பக்கம் வருவதும் உள்ளே போவதுமாக ஆடிக்கொண்டிருந்தது.

"புத்துநோய் இல்லம்மா, வெறும் கட்டிதான். ஆனா ரொம்ப அபூர்வம். நீங்கல்லாம் பார்த்தே இருக்க மாட்டீங்க" என்றாள் ஒருத்தி.

"பார்த்திருக்கேன். கிட்னித் தட்டுல" என்றேன். ஆபரேஷனில் அறுத்தெடுத்ததைப் போடுகிற வளைந்த தட்டுக்கு ஆஸ்பத்திரியில் அதுதான் பெயர்.

அப்புறம் அவர்கள் என்னை விடவில்லை. நர்சுகள் சங்கத்து ஆண்டு மலரில் போடுகிறோம், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எட்டாவது வரை படித்தவள் நான். கந்த சஷ்டிக்கும் ஆடி வெள்ளிக்கும் தேதி பார்த்துக் காலண்டரில் குறிப்பதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. மலைமேல் இருக்கிற ஈஸ்வரன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன். என் பங்குக்கு நான் செய்த தப்பையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சேலத்தில் ஆறு மாதம் பயிற்சி. கட்டில் விரிக்க, நாடி பிடிக்க, சூடு பார்க்க, பிணத்தைத் துடைக்கக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஓசூருக்கும் பாகலூருக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் தற்காலிக ஆயாவாக வேலை. இது ஐம்பதுகளின் கடைசி வருஷங்களில். இப்போது போல அப்போது அங்கே ஒரு பாக்டரியும் கிடையாது. ராகிக் காடும் புளியமரமும்தான். பன்னிரண்டு கட்டில், ஒரு கம்பவுண்டர், ஒரு டாக்டர். என் வீட்டுக்காரர் மாட்டுப் பண்ணையில் வேலை. வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கவலை. அதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

டாக்டர் பெயர் ஆசீர்வாதம். திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்கும் அவர் பேச்சு எங்களுக்கும் கொஞ்ச நாள் பிடிபடவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை நோயாளி மேல் வைப்பதற்கு முன் அதன் வட்டைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிச் சூடு பண்ணுவார். அப்புறம் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு கை நெஞ்சில், மறு கையின் ஆட்காட்டி விரல் கட்டில் கம்பியில். உள்ளே கேட்கிற அடியை அந்த விரல் கம்பியில் தட்டிக்கொண்டே வரும். அந்த நேரம் வார்டில் யாரும் வாளியைக்கூட நகர்த்தக் கூடாது. நாடியை அவர் நோயாளியின் ஒரு கையில் எண்ணுவார், என்னை மறு கையில் எண்ணச் சொல்வார். "உன் கணக்கைச் சொல்லு. என் கணக்கைக் கேட்டுட்டுச் சொல்லாத" என்பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். கேஸ் ஷீட்டில் முதலில் பென்சிலால் எழுதி, மறுநாள் அதையே திரும்பப் பார்த்து உறுதியான பிறகுதான் மசியால் எழுதுவார். திட்டமாட்டார். ஆனால் அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாலே போதும், செய்த தப்பு நமக்கே தெரிந்துவிடும்.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாகலூருக்கு அந்தாண்டை ஒரு கிராமத்தில் அம்மனுக்கு மாவிளக்கு. நானும் போயிருந்தேன். பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் கற்பூரம் காட்டும்போது தட்டோடு எழுந்து நின்றோம். எனக்கு முன்னால் ஒல்லியாக ஒருத்தி, இருபத்தைந்து வயசிருக்கும். எழுந்தவள் அப்படியே கண் செருகினாள். தட்டு கீழே விழுந்தது. உதடு நீலம் பாரித்தது.

"அம்மா வந்துட்டா! கெங்கம்மா மேல அம்மா எறங்கிட்டா!" என்று கூட்டம் குலவை போட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அம்மன் இறங்கின உடம்பு தரையில் படக் கூடாது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து, அம்மன் மலையேறும்வரை நின்றபடியே தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆளைத் தூக்கிப் பழகின கை என் கை. முந்திக்கொண்டு போய் ஒரு பக்கம் பிடித்தேன். வாக்குக் கேட்கிற பாக்கியத்தை விடுவேனா? "தாயே, என் வேலை பர்மனென்ட் ஆவுமா?" என்று கேட்டேன். அவள் தலை பொத்தென்று மார்பில் விழுந்தது. தலையாட்டிவிட்டாள் அம்மன் என்று என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

உடம்பு கனத்துக்கொண்டே வந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. வேர்வையில் என் கை வழுக்கிவிட்டது. அவள் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தாள்.

"ஏம்மா, கையில தெம்பில்லன்னா எதுக்கு முந்திக்கினு வந்து புடிக்கற?" என்று அவள் மாமியார் நரசம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை எடுப்பதற்குள் கெங்கம்மா கண்ணைத் திறந்தாள். உதடு சிவந்தது. "தண்ணி" என்றாள். நாலு மூச்சுக்கூட ஆகியிருக்காது.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் அதே கெங்கம்மாவை அவள் புருஷன் முனிராஜு மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். மூச்சு இரைத்தது. இருமலில் ரத்தம். ஆறு மாதமாக இப்படித்தான் என்றான். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிடவும் செய்தேன்.

டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். சின்ன வயசில் மூட்டு வலியோடு ஜுரம் வந்து இருதயத்தின் வால்வு சுருங்கிவிடுகிற வியாதி அந்தக் காலத்தில் ஏராளம். "அதுதான்" என்று பென்சிலால் எழுதினார். மாத்திரையும் நீர் பிரிகிற ஊசியும் கொடுத்தார். மூச்சு இரைக்கிற இருதய நோயாளியைப் படுக்கவிடக் கூடாது, உட்கார வைக்க வேண்டும் என்பது சேலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். முதுகுக்கு மூன்று தலையணை, சரியாமலிருக்கக் காலுக்கு ஒரு பலகை. நேர்த்தியாக உட்கார வைத்தேன்.

அவள் சரிந்து சரிந்து படுத்தாள். நான் தூக்கித் தூக்கி உட்கார வைத்தேன்.

"படுக்க வுடுக்கா" என்றாள்.

"படுத்தா மூச்சு அடைக்கும் கண்ணு. அம்மா எறங்கின ஒடம்பு உன்னுது, நான் சொல்றதக் கேளு" என்றேன்.

கட்டில் காலடியில் நரசம்மா ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தாள். கெங்கம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் கம்பியில் தட்டிக்கொண்டிருந்த விரல் பாதியில் நின்றது. "நேத்து இருந்த சத்தம் இன்னைக்கு இல்லியே" என்றார். புதன்கிழமை அந்தச் சத்தம் திரும்ப வந்திருந்தது. வால்வு சுருங்கிய வியாதியில் சத்தம் இப்படி வந்து வந்து போகாதாம். அவர் மசிப்பேனாவைத் திறக்கவே இல்லை. "வேணி, இவளைப் பத்தி நமக்குத் தெரியாதது ஏதோ இருக்கு" என்றார்.

தெரியாதது எது என்று எனக்குத் தெரியும். நின்றால் சாய்கிறாள், விழுந்தால் எழுகிறாள். ஆனால் அது கோயிலில் நடந்தது. அம்மன் விஷயத்தை ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதக் கொடுக்கலாமா? தெய்வக் குற்றமாகாதா? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதில் பாதிதான் உண்மை. அது வியாதி என்றால் எனக்குக் கிடைத்த வாக்கும் பொய்யாகிவிடும். அந்த வாக்கை விட எனக்கு மனசில்லை. அதுதான் மீதிப் பாதி. திங்கள் முதல் புதன் வரை மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவளுக்கு முகம் துடைத்துவிட்டு வலது கையைத் தூக்கினேன். பச்சைத் தண்ணீரில் ஊறினது போல ஜில்லென்றிருந்தது. வெளுத்திருந்தது. மணிக்கட்டில் நாடி இல்லை. இடது கையில் ஓடுகிற நாடி வலது கையில் இல்லை.

டாக்டர் ஓடி வந்தார். கையைப் பஞ்சில் சுற்றினார். "உள்ளே எங்கிருந்தோ ஒரு துணுக்கு பிஞ்சு வந்து ரத்தக் குழாயை அடைச்சிருக்கு. இன்னொண்ணு மூளைக்குப் போனா அவ்வளவுதான்" என்றார். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. வராந்தாவுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாக்குக் கேட்டதையும் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்து நிமிர்ந்து பார்ப்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் பென்சிலைக் கையில் எடுத்தார்.

"எப்படிப் பிடிச்சீங்க? காட்டு."

வார்டு பெருக்குகிற முனியனை நிற்க வைத்து அக்குளில் கைகொடுத்துக் காட்டினேன். முனியன், "ஏக்கா, எம்மேலயும் அம்மன எறக்கிராத" என்றான். டாக்டர் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் நிக்க வச்சீங்க? விழுந்து எத்தனை மூச்சுல கண்ணைத் திறந்தா? எந்தப் பக்கமா விழுந்தா?"

"ஒரு பம்பை அடிச்சு முடிக்கற நேரம்ங்க. நாலு மூச்சு. வலது பக்கமா."

உள்ளே போனோம். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் சூடு பண்ணினார். உட்கார்ந்தபடி கேட்டார். அப்புறம் தலையணை மூன்றையும் என்னை எடுக்கச் சொன்னார். எனக்குக் கை வரவில்லை. "எடு" என்றார். எடுத்தேன். தட்டையாகப் படுக்க வைத்துக் கேட்டார். வலப்பக்கம் ஒருக்களிக்க வைத்துக் கேட்டார். கட்டிலின் கால்பக்கம் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, தலை தாழ இருக்கும்படி செய்து கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் இடது கை நாடியை எண்ணினேன். உட்கார்ந்திருக்கையில் நூல் போல ஓடின நாடி, படுக்கப் படுக்கத் திடமாயிற்று. கெங்கம்மா நான்கு நாளில் முதல் தடவையாக நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சைக் கேட்டு நான் சுவரோரம் திரும்பிக்கொண்டேன். நான்கு நாளும் அவளைத் தூக்கி உட்கார வைத்தது என் கைகள்தானே.

டாக்டர் தன் வீட்டுக்குப் போய்த் தபாலில் வருகிற மருத்துவப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு வந்தார். கம்பவுண்டரிடம் ஒரு புனலை வாங்கினார். ஈரப் பஞ்சை உருட்டி நூலில் கட்டி, நூலின் மறுநுனியைப் புனலின் விளிம்பில் ஒட்டினார். முனிராஜுவையும் நரசம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டார். புனலை நேராகப் பிடித்து என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பஞ்சு துளையில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் நின்றுவிட்டது. புனலைச் சாய்த்தார். பஞ்சு விலகிற்று, தண்ணீர் ஓடியது.

"இருதயத்துக்குள்ள ஒரு கட்டி காம்புல தொங்குதுன்னு நினைக்கேன். கெட்ட கட்டி இல்ல. ஆனா நின்னா, உக்காந்தா, கதவுல வந்து அடைக்கும். இதுக்கு மருந்து கிடையாது. அறுத்துத்தான் எடுக்கணும். அதுக்கு ஆள் இங்க இல்ல, கிழக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். போற வழியிலயும் செத்துப் போகலாம். இங்கயே இருந்தா நிச்சயம் செத்துப் போவா."

"வத்து, வத்து" என்று தெலுங்கில் வேண்டாம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள் நரசம்மா. "அம்மா எறங்கின ஒடம்பு சாமி. அதுல கத்தி படலாமா?"

நான் சொன்னேன், "பெரியம்மா, அன்னிக்குக் கைய வுட்டவ நான்தான். நான் கெட்டியாப் புடிச்சிருந்தா அங்கயே போயிருப்பா. அம்மாதான் என் கைய வழுக்கி வுட்டான்னு இப்பத் தோணுது." இதை யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன்.

நரசம்மா என்னையே பார்த்தாள். அப்புறம் புனலைப் பார்த்தாள். முனிராஜு, "வண்டிய வரச் சொல்லுங்க சாமி" என்றான்.

ஆம்புலன்ஸ் ஏது? மலேரியா ஒழிப்புக்காரர்களின் வேனை டாக்டர் கெஞ்சி வாங்கினார். வேன் முழுக்க டி.டி.டி. மருந்து வாடை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். நான், கெங்கம்மா, முன்னால் முனிராஜு, டிரைவர் பாஷா பாய். நரசம்மா கெங்கம்மாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரில் தங்கிவிட்டாள். டாக்டர் கடிதத்தை ஒட்டி என்னிடம் கொடுத்தார். "கடுதாசியைப் படிக்கிறதுக்கு முன்ன அவளைத் தூக்கி உக்கார வச்சிருவாங்க. அதனால நீ வாயால சொல்லு. 'உட்கார வைத்தால் இறந்துவிடுவாள்.' எங்க, சொல்லு." மூன்று தடவை சொல்லவைத்தார். அப்புறம், "நான் என் சாமிகிட்ட சொல்லுதேன், நீ உன் சாமிகிட்ட சொல்லு. யாராவது ஒருத்தர் கேக்கட்டும்" என்றார்.

சூளகிரி வரைக்கும் நன்றாகவே போனது. வேனின் தரையில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தோம். பின் கதவு வழியாக ஏற்றியதில் கால் முதலில் உள்ளே போய், தலை பின்பக்கமாக இருந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து நாடியைப் பிடித்தபடியே சஷ்டிக் கவசத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

மேலுமலை இறக்கம் தொடங்கியது. வண்டி முன்பக்கம் சாய்ந்தது. என் விரலுக்கடியில் நாடி மெலிந்தது. இரண்டு அடி, ஓர் இடைவெளி, ஓர் அடி. "கெங்கம்மா" என்றேன். கண் செருகிக்கொண்டிருந்தது. உதடு நீலம். எனக்கு விளங்கவில்லை. படுத்துத்தானே இருக்கிறாள்? யாரும் உட்கார வைக்கவில்லையே? நாடி நின்றுவிட்டது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. தண்ணீர்க் கூஜா வைக்கோலில் சறுக்கிக்கொண்டே அவள் கால்பக்கம் போயிற்று. வண்டி இறங்குகையில் கால் தாழ்ந்து தலை உயர்ந்துவிட்டது. நாங்களே அவளை மறுபடி நிற்க வைத்துவிட்டோம்.

"நிறுத்துங்க பாய்! நிறுத்துங்க!"

"எறக்கத்துல எங்கக்கா நிறுத்தறது, பின்னால லாரி வருது!"

"நிறுத்துய்யா, உசுரு போவுது!"

பாஷா பாய் ஓரம் கட்டினார். முனிராஜு குதித்துப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். பின் கதவைத் திறந்து மூன்று பேரும் மெத்தையோடு பிடித்தோம். திருப்புவதற்கு இடமில்லை. பாதி உடம்பு வெளியே வந்து ரோட்டுக்கு மேல் தொங்கியது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே, "என்னாய்யா, நடு ரோட்ல பொணத்த மாத்திக்கினு இருக்கீங்க?" என்று கத்தினான். முனிராஜு திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு லாரிக்காரனும் இறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்தான். தலையை முன்பக்கமாகத் திருப்பிக் கிடத்தினோம். இப்போது தலை தாழ்வில் இருந்தது. வலப்பக்கம் சாய்த்தேன். விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. முருகா என்றேன். அம்மா என்றேன். டாக்டரின் சாமியையும் கூப்பிட்டேன். விரலுக்கடியில் ஏதோ ஒன்று இடித்தது. அப்புறம் இன்னொன்று.

"வந்துடுச்சா?" என்றான் முனிராஜு.

"வந்துடுச்சு. பேசாதீங்க, எண்ணிக்கினு இருக்கேன்."

அதற்குமேல் ரோடு ஏறும்போது துணிமூட்டையை வைத்துக் காலை உயர்த்துவதும், இறங்கும்போது அதை எடுப்பதுமாகவே போனேன். பர்கூர் தாண்டி, வாணியம்பாடி தாண்டி, மத்தியானம் போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் வண்டி நின்றதும் ஒருவர் தள்ளுநாற்காலியோடு ஓடி வந்தார். இன்னொருவர் கெங்கம்மாவின் அக்குளில் கை கொடுத்துவிட்டார். நான் குறுக்கே விழுந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

"உட்கார வைத்தால் இறந்துவிடுவாள்!"

"யாரும்மா நீ? மூச்சு எரைக்குது, படுக்க வெக்கச் சொல்றியே, ஆஸ்பத்திரி பழக்கம் தெரியுமா?"

"நானும் ஆஸ்பத்திரி ஆயாதாங்க. உட்கார வைத்தால் இறந்துவிடுவாள்."

"ஆயாவா? நான் டாக்டரம்மான்னு நெனச்சு பயந்துட்டேன்" என்று அவர் சிரித்தார். நான் கையை விடவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியத்தைக் கத்திக்கொண்டே இருந்தேன். கூட்டம் கூடிவிட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் இளம் டாக்டர் வந்து, கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். பாதியில் முகம் மாறியது. "ஸ்ட்ரெச்சர் கொண்டா. அந்த அம்மா சொல்றபடி தூக்குங்க" என்றார்.

இரண்டு நாள் பரிசோதனை. ரத்தக் குழாயில் சாயம் ஏற்றி வரிசையாகப் படம் எடுத்தார்கள். இருதயத்தின் இடது மேல் அறையில், சாயம் நிறைய வேண்டிய இடத்தில் கோழி முட்டை அளவுக்கு நிழல் விழுந்திருந்ததாம். ஆபரேஷன் அன்று தியேட்டருக்குள் டின் டின்னாக ஐஸ் போனதைப் பார்த்தேன். உடம்பை ஐஸ் தண்ணீரில் குளிரவைத்து, சில நிமிஷம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, அதற்குள் திறந்து எடுத்து மூடிவிட வேண்டுமாம். அந்த நிமிஷங்கள் தாண்டினால் மூளை போய்விடும். வராந்தாவில் முனிராஜு சுவரைப் பார்த்து நின்றான். நான் கவசத்தை எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. நடுவில் அடி மறந்து, மறுபடி மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

வெளியே வந்த பெரிய டாக்டர் வயசானவர். முகமூடியை இறக்காமலே, "ஓசூர்ப் பக்கத்து ஆயா யார்?" என்றார். எழுந்து நின்றேன். கிட்னித் தட்டை நீட்டினார். உள்ளே நுங்கு போல ஒன்று, வழவழவென்று, பாதி கண்ணாடி மாதிரி. ஓரத்தில் ஒரு சின்னக் காம்பு.

"மூச்சு விடறாளா ஐயா?" என்றேன். கட்டியைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

"விடறா. உங்க டாக்டருக்கு எழுதறேன், அவர் சொன்னது சரின்னு."

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவளை அழைத்துவர அதே வேனில் போனேன். வார்டில் நுழைந்தால், கெங்கம்மா காலைத் தொங்கப்போட்டுக் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தோளைப் பிடித்துப் படுக்க வைக்கப் போனேன்.

"வுடுக்கா, உக்காரலாமாம்" என்று சிரித்தாள்.

இடது கையால்தான் தின்றாள். வலது கையில் இரண்டு விரல் நுனி கறுத்துச் சுருங்கியிருந்தது. இனி அந்தக் கையால் களி கிண்ட முடியாது. களித் துடுப்பைப் பிடிக்க வராது. அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருக்க முடியவில்லை. "கெங்கம்மா, அந்த மூணு நாளு எனக்குத் தெரியும். கோயில்ல விழுந்ததும் நீ எழுந்தது தெரியும். டாக்டர்கிட்ட சொல்லாம இருந்துட்டேன். முதல் நாளே சொல்லியிருந்தா இந்த வெரலு போயிருக்காது" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் இட்லியை மென்று விழுங்கினாள். வார்டில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தாள்.

"நீ மூணு நாளு. எனக்கு ஆறு மாசமாத் தெரியும்க்கா, படுத்தா சரியாப் போவுதுன்னு."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"மொத தடவ விழுந்தப்ப வேலைக்குச் சோம்பேறின்னு அத்த அடிச்சா. ரெண்டாவது தடவ, நீ பாத்ததுக்கு ரொம்ப முன்ன, கோயில்ல விழுந்தேன். அம்மான்னு கால்ல விழுந்துட்டா. அன்னிலேர்ந்து ஊட்ல மொத சோறு எனக்குத்தான். அதுக்கு முன்ன எல்லாரும் தின்னு மிச்சம் இருந்தாத்தான் எனக்கு. வெள்ளிக்கிழமை எண்ண தேச்சு வுட்டா. வியாதின்னு சொன்னா எல்லாம் போயிடும்னு வாயத் தொறக்கல. உங்கிட்டயும் படுக்க வுடுன்னுதான் கேட்டேன், எதுக்குன்னு சொல்லல. அத்த ஒக்காந்திருந்தா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தகிட்ட மட்டும் சொல்லிராதக்கா."

சரி என்றேன். சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வேலையில் இருந்த அத்தனை வருஷமும், மூச்சு இரைத்து வருகிற ஒருவருக்கும், "வீட்ல எப்படிப் படுப்பீங்க?" என்று கேட்காமல், கூட வந்தவர்களை ஐந்து நிமிஷம் வெளியே அனுப்பாமல் நான் தலையணை வைத்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பெண்கள் சொன்ன பதில்களை எழுதினால் இந்த மலர் போதாது.

இதை எழுதுவதற்கு முன் போன வாரம் பாகலூருக்குப் போய்க் கெங்கம்மாவைக் கேட்டேன். முடி நரைத்துவிட்டது. நன்றாக இருக்கிறாள். நரசம்மா காலமாகி எட்டு வருஷம்.

"எழுதுக்கா. அத்தைக்கு எல்லாம் தெரியும்" என்றாள்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அன்னிக்கு டாக்டரு புனல்ல தண்ணி ஊத்திக் காட்டினப்பவே, இது அம்மா இல்ல, வியாதின்னு புரிஞ்சிடுச்சாம். சாவறதுக்கு ஒரு மாசம் முன்ன அவளே சொன்னா. 'அப்புறம் ஏன் அத்த, இருவது வருசத்துக்கு மேல எனக்கே மொத சோறு போட்ட?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'போட்டுப் பழகிடுச்சுடி'ன்னா" என்றாள் கெங்கம்மா.